வலிக்கும் பல் எது? அஸ்ஸஹ்ராவி கற்பித்த நிதானம்

மிஸ்வாக்கால் பல் துலக்குவதை நபி (ஸல்) அவர்கள் பெரிதும் வலியுறுத்தினார்கள். வாய்த் தூய்மையை வணக்கத்தோடு இணைத்துப் பார்த்த சமுதாயத்தில் பல் மருத்துவமும் தழைத்தது. அதன் முன்னோடிகளுள் தலையாயவர், முஸ்லிம் ஸ்பெயினின் குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ரா நகரின் பெயரைத் தாங்கிய அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி.

ஏறத்தாழ கி.பி. 1000இல் நிறைவுற்ற அவருடைய 'அத்தஸ்ரீஃப்' 30 பகுதிகளைக் கொண்டது. இறுதிப் பகுதி அறுவை மருத்துவத்துக்கு உரியது. பற்களில் படியும் காரை ஈறுகளைக் கெடுக்கும் என்று அதில் விளக்கிய அவர், அதனைச் சுரண்டும் கருவிகளையும் வரைந்து காட்டினார். ஆடும் பற்களைப் பிணைக்க, நிறம் மாறிக் கெடும் வெள்ளியைவிடத் தங்கக் கம்பியே சிறந்தது என்றார்.

எனினும், பல்லைப் பிடுங்குவதில் அவர் அவசரத்தை அறவே வெறுத்தார். வலி ஏமாற்றும்; நோயாளி நல்ல பல்லையே சுட்டிக்காட்டுவார்; அதைப் பிடுங்கிய பின்னும் வலி நீங்காது. எனவே நோயுற்ற பல்லை உறுதிசெய்த பின்னரே கருவியை எடுக்க வேண்டும் என்றார். ஆராயாமல் பிடுங்கிய நாவிதர்களைக் கண்டித்தார். 12ஆம் நூற்றாண்டில் கிரமோனா ஜெரார்டு அப்பகுதியை இலத்தீனில் பெயர்த்தபின், ஐரோப்பிய மருத்துவர்களும் நெடுங்காலம் அதனைப் பயின்றனர்.

நம் ஊரில் பல் மருத்துவரைத் தேடும்போதும் இதுவே உரைகல். அவர் எக்ஸ்ரே எடுத்து ஆராய்கிறாரா? வேர் சிகிச்சையால் பல்லைக் காக்க இயலுமா என்று விளக்குகிறாரா? பிடுங்கிய பல் மீண்டும் முளைக்காது. அது அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம்.