கதவின் இரு பக்கங்கள்

ஜப்பானியப் பேய்ப்படங்களைப் பற்றி நம்மிடையே பேச்சு வந்தால் அது பெரும்பாலும் மிஸோகுச்சியின் 'உகெட்சு'வோடு (1953) நின்றுவிடுகிறது. அங்கே பேய் என்பது சோகமும் அழகும் கலந்த ஒரு மௌனம். கொலையுண்டவள் தன்னைக் கொன்றவனைத் தேடி வரும் கதைகளை மலிவுச் சரக்கு என்று ஒதுக்கிவிட்டோம். அவற்றில் பல மலிவுச் சரக்குதான், சந்தேகமில்லை. ஆனால் கொலைக்கும் குற்றவுணர்வுக்கும் பேய்க்கும் என்ன உறவு என்பதை 1825லிருந்து திரும்பத் திரும்பக் கேட்டுவரும் கதை ஒன்று அங்கே இருக்கிறது: 'யோட்சுயா கைடன்'. ஒவ்வொரு காலமும் அதற்குச் சொன்ன பதில், அந்தக் காலத்தைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

நான்காம் ட்சுருயா நன்போக்கு எழுதிய கபுகி நாடகம் இது. எடோ நகரின் நகாமுரா அரங்கில், எஜமானனுக்காகப் பழிதீர்க்கும் நாற்பத்தேழு சாமுராய்களின் 'சூஷிங்குரா'வோடு பின்னி, இரண்டு நாள் நிகழ்ச்சியாக நடத்தப்பட்டது. அந்த விசுவாசிகள் சேவித்த அதே வீட்டிலிருந்து வெளியேறி, குடைக்குக் காகிதம் ஒட்டிப் பிழைக்கும் இயேமோன் இதன் நாயகன். மாமனாரைக் கொன்றுவிட்டு, கொன்றவனைப் பழிவாங்குவதாக மனைவி ஒய்வாவிடமே வாக்குக் கொடுக்கிறான். பக்கத்துப் பணக்கார வீட்டார் தங்கள் பேத்திக்கு அவனை விரும்புகிறார்கள்; பிரசவ மருந்து என்று சொல்லி ஒய்வாவுக்கு விஷம் அனுப்புகிறார்கள். முகம் சிதைகிறது. சீப்பை வைத்தால் கூந்தல் ரத்தத்தோடு கையில் வருகிறது. கைக்குழந்தையைக் கொசு பிடுங்கும் என்று அவள் விடாமல் பற்றியிருக்கும் கொசுவலையை அடகு வைப்பதற்காக இயேமோன் இழுக்க, அவளுடைய நகங்கள் பிய்ந்துவிடுகின்றன. நாடகம் முழுவதிலும் பேயைவிட பயங்கரமான இடம் இந்தக் கொசுவலைதான் என்று எனக்குப் படுகிறது.

அவள் செத்த பின் வேலைக்காரனையும் கொன்று, கள்ள உறவு என்று தோன்றும்படி இரண்டு பிணங்களையும் ஒரு கதவின் இரு பக்கங்களில் அறைந்து ஆற்றில் விடுகிறான். பின்னொரு நாள் அவன் மீன்பிடித்துக்கொண்டிருக்கும் கால்வாய்க்கு அந்தக் கதவு மிதந்து வருகிறது. ஒரு பக்கம் ஒய்வா, புரட்டினால் வேலைக்காரன். இரண்டும் ஒரே நடிகர், மூன்றாம் ஒனொயே கிகுகொரோ. மேடைத் தந்திரம்தான். ஆனால் தன் பொய்யைத் தானே தூக்கிக்கொண்டு திரும்பி வரும் அந்தப் பலகைக்கு இணையான படிமம் பிறகு வந்த படங்களில் அதிகமில்லை.

இயேமோனுக்குக் குற்றவுணர்வு கிடையாது. அழகான, ஈரமற்ற வில்லன் என்பது கபுகியில் ஒரு தனிப் பாத்திர வகை; அதன் உச்சம் இவன். அவனுக்குள் மனசாட்சி இல்லாததால்தான் பேய் வெளியிலிருந்து வரவேண்டியிருக்கிறது. அது அவன் கண்ணுக்கு மட்டும் தெரிவதுமில்லை. அடகுக்குப் போகவிருந்த தன் சீப்பைப் பறிக்கத் தொட்டித் தண்ணீரிலிருந்து ஒய்வாவின் கை நீளும்போது அங்கே இருப்பவர்கள் வேறு ஆட்கள். அவளுக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது.

1949இல் கினோஷிதா கெய்ஸுகே இதை இரண்டு பாகப் படமாக எடுத்தார். அமெரிக்க ஆக்கிரமிப்புக் காலம். 1945 நவம்பரில் திரைப்படங்களுக்கு விதிக்கப்பட்ட பதின்மூன்று தடைகளில், பழிவாங்குதலை நியாயமான நோக்கமாகக் காட்டக்கூடாது என்பதும் ஒன்று. அதை மட்டும் காரணமாக்குவது கினோஷிதாவுக்கு அநியாயம். அவருடைய மனப்போக்கும் அந்தப் பக்கம்தான். இவருடைய இயேமோன் தயங்குகிறான், தூண்டப்படுகிறான், வதைபடுகிறான். பேய் அவன் மனத்தின் தோற்றம். ஒய்வாவாகவும் அவள் தங்கையாகவும் தனாகா கினுயோவே நடிப்பதால், செத்தவள் முகம் கண்முன் வருவதற்கு ஒரு ஸ்தூலமான சமாதானமும் கிடைத்துவிடுகிறது.

புத்திசாலித்தனமான படம். அந்தப் புத்திசாலித்தனத்தோடுதான் என் சண்டை. பேயைக் குற்றவுணர்வாக மொழிபெயர்த்ததும் கொலைகாரன் துன்பியல் நாயகனாகிவிடுகிறான். செத்தவள் அவன் தலைக்குள் ஒரு நோய்க்குறியாகக் குடியேறுகிறாள். அவளுடைய கோபம்கூட அவனுடைய வேதனையாகிவிடுகிறது. நவீன விமர்சனம் இதை ஆழம் என்கிறது. ரஸ்கோல்நிகோவின் ஜுரத்தை நாம் எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். அந்தக் கிழவியின் பெயர் நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

1959 கோடையில் இதே கதை இரண்டு ஸ்டூடியோக்களிலிருந்து வந்தது. டையெ தயாரிப்பில் மிஸுமி கென்ஜி எடுத்ததில் நட்சத்திர நடிகர் ஹஸெகாவா கஸுவோ இயேமோன். நட்சத்திரம் மனைவிக்கு விஷம் வைக்கலாமா? கதை அவருக்காக வளைந்துகொடுத்தது. நமக்குப் புரியாத விஷயமில்லை.

மற்றது ஷின்தோஹோவின் நககாவா நொபுவோ படம். தோஹோவின் தொழிலாளர் போராட்டங்களினூடே பிரிந்து 1947இல் உருவான, 1961இல் திவாலாகிவிட்ட கம்பெனி; ஓடும் சரக்கைத் தேடித் தேடி எடுத்த கம்பெனி. எழுபத்தாறு நிமிஷப் படம். நககாவா செய்த முக்கியமான மாற்றம், விஷத்தை அண்டைவீட்டாரிடமிருந்து பிடுங்கி இயேமோனின் கையிலேயே கொடுத்தது. அமாச்சி ஷிகெருவின் முகத்தில் கொடூரம் இல்லை. ஒரு சலிப்பும் வறுமையும் இருக்கின்றன. அந்த முகத்தோடு மருந்தை நீட்டுகிறான்.

இந்தப் படத்தில் பேயை அடைக்கத் தனி இடம் கிடையாது. அண்ணாந்து பார்த்தால் கூரையில் அந்தக் கதவும் அதில் அறையப்பட்ட ஒய்வாவும். பாய் விரித்த தரை சதுப்பு நீராகிறது. வெட்டுப்பட்டவன் அறைக்குள்ளேயே நீரில் விழுகிறான். இது பிரமை என்று சொல்லும் மங்கலோ, முன்னறிவிப்போ கிடையாது. அகன்ற சட்டத்துக்குள் வீடும் ஆறும், அவன் பயமும் அவள் வருகையும் ஒன்றையொன்று விழுங்காமல் இருக்கின்றன. நன்போக்குவின் கல்நெஞ்சனுக்கு மனசாட்சியைக் கொடுத்தும், அதற்கு விலையாக ஒய்வாவை நககாவா கேட்கவில்லை. கடைசிச் சட்டத்தில் சிதையாத முகத்தோடு அவள் குழந்தையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஸ்டூடியோத்தனமான இனிப்பு என்று சொல்லலாம். சட்டத்தில் இயேமோன் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

1998இன் 'ரிங்' படத்தில் முகத்தை மறைக்கும் கூந்தலும், அதனூடே தெரியும் ஒற்றைக் கண்ணும் ஒய்வாவின் சொத்து. ஆனால் அங்கே சாகிறவர்கள் அவளுக்கு எதுவும் செய்யாதவர்கள். ஒரு டேப்பைப் பார்த்தவர்கள், அவ்வளவுதான்.

டோக்கியோவின் யோட்சுயாவில் ஒய்வாவின் பெயரால் ஒரு சிறு கோயில் இருக்கிறது. நாடகமோ படமோ தொடங்குமுன் நடிகர்கள் அங்கே போய் அவளைக் கும்பிட்டுவிட்டு வருவது வழக்கம்.