பாரா டிரையத்லான்

நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் மூன்றையும் மாற்றுத்திறனாளிகள் இடைவெளியின்றி அடுத்தடுத்து முடிக்கும் போட்டி பாரா டிரையத்லான். நீச்சல் 750 மீட்டர், மிதிவண்டி 20 கி.மீ., ஓட்டம் 5 கி.மீ. பாராலிம்பிக்கில் இது 2016இல் ரியோவில் அறிமுகமானது. அங்கு 6 பதக்கப் பிரிவுகள் இருந்தன. 2024 பாரிஸில் 11 ஆயின.

சக்கர நாற்காலிப் பிரிவினர் படுத்தபடி கையால் இயக்கும் வண்டியில் 20 கி.மீ. கடந்து, பந்தய நாற்காலியில் 'ஓடி' முடிப்பார்கள். கை கால் குறைபாட்டுடன் நின்று ஓடுவோர் பி.டி.எஸ். 2 முதல் 5 வரையிலான பிரிவுகளில் சேர்க்கப்படுவர். எண் சிறிதானால் குறைபாடு கடுமையானது. சக்கர நாற்காலி, பார்வைப் பிரிவுகளில் கடுமையான குறைபாடுள்ளவர்கள் முன்னதாகப் புறப்படுவார்கள். அந்த இடைவெளி முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருப்பதால் எல்லைக்கோட்டை முதலில் தொடுபவரே வெற்றியாளர்.

பார்வைக் குறைபாடுள்ளவருடன் ஒரு வழிகாட்டி வருவார். நீரில் இருவரையும் ஒரு கயிறு இணைக்கும். சாலையில் இருவர் மிதிக்கும் வண்டி. தூத்துக்குடியில் சலாபம் எனப்பட்ட முத்துக்குளிப்பில், மூழ்கியவரை மேலே இழுத்ததும் கயிறுதான். ஆனால் இங்கே வழிகாட்டி இழுத்துச் செல்லக் கூடாது, உடன்வர மட்டுமே அனுமதி. வென்றால் அவருக்கும் பதக்கம் உண்டு. மகாராஷ்டிரத்தின் நிகேதன் தலால் 2020இல் துபாயில், 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. மிதிவண்டி, 21.1 கி.மீ. ஓட்டம் கொண்ட அரை அயர்ன்மேன் பந்தயத்தை வழிகாட்டியுடன் முடித்தார்.

கரையேறும் இடமே இப்போட்டியின் கடினமான பகுதி. நாற்காலி வீரரை உதவியாளர்கள் நீரிலிருந்து தூக்குவார்கள். கால் இழந்தவருக்குச் செயற்கைக்கால் அங்கே காத்திருக்கும். உடை மாற்றவும் வண்டியேறவும் ஆகும் ஒவ்வொரு நொடியும் போட்டி நேரத்தில்தான் சேரும்.

இப்போட்டிக்குத் தூத்துக்குடியில் பயிற்சி பெறலாம்: அங்கே கடல் மார்ச், ஏப்ரலில் அமைதியாக இருக்கும். சலாபங்கள் நடந்ததும் அப்பருவத்தில்தான். உப்பளங்களை ஒட்டிச் செல்லும் திருச்செந்தூர்ச் சாலை சமதளம். வெயில்தான் எச்சரிக்கை: தண்டுவடம் காயமுற்றவர்களுக்கு வியர்வை குறைவாகச் சுரப்பதால் உடல் விரைவில் சூடேறும். ஐஸ் துணி, நீர்த்தெளிப்பு, காலை நேரம் மூன்றும் அவர்களுக்குக் கட்டாயம்.

கடலை அடைய வழியும் வேண்டும். சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்கான மரப்பாதை திறக்கப்பட்டது; அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமடைந்து, பிறகு சீரமைக்கப்பட்டது. அது கடலை அருகிலிருந்து காண்பதற்கானது. டிரையத்லானுக்குப் பாதை நீருக்குள் இறங்க வேண்டும். தூத்துக்குடியின் முத்துநகர்க் கடற்கரையில் பயிற்சி தொடங்க, பந்தய வண்டிகளுக்கும் முன்பாக வேண்டியது அத்தகைய ஒரு சரிவுத்தளம்.