சுடுவதற்கு முன் பார்ப்பது: உணவுக்குழாய் முன்புற்று மாற்றங்களும் தென்மாவட்டத் தேவையும்

உணவுக்குழாயின் உட்சவ்வில் தோன்றும் முன்புற்று மாற்றங்களை எண்டோஸ்கோப்பி வழியே ரேடியோ அலை வெப்பத்தால் சுட்டு நீக்கும் முறை மேலைநாடுகளில் வேரூன்றிவிட்டது. அந்தக் கருவியை நம் மாவட்ட மருத்துவமனைகளுக்கும் வாங்க வேண்டும் என்று கேட்பது நியாயமாகவே தோன்றும். ஆனால் விருதுநகர் மாவட்டத்தின் சேத்தூர், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக்கு முதலில் வேண்டியது அதுவல்ல என்பதே என் வாதம்.

இம்முறைக்கான வலுவான சான்றுகள் பாரட் மாற்றத்தைச் சார்ந்தவை. இரைப்பை அமிலம் நெடுங்காலம் எதுக்களித்து வருவதால், உணவுக்குழாயின் அடிப்பகுதிச் சவ்வு குடற்சவ்வின் சாயலைப் பெறும் நிலை அது. பலூன் மேல் பதித்த மின்முனைகள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்தைச் சுட, அமிலத்தை அடக்கும் மருந்தின் துணையோடு இயல்பான சவ்வு மீண்டும் வளர்கிறது. 2009இல் ஷாஹீன் குழுவினர் 127 பேரிடம் நடத்திய ஆய்வில், உயர்நிலைச் செல் மாறுபாடு (டிஸ்பிளேசியா) சிகிச்சை பெற்றோரில் 81 விழுக்காட்டினருக்கு மறைந்தது; போலிச் சிகிச்சைக் குழுவில் 19 விழுக்காடுதான். இதில் குறை காண ஏதுமில்லை. ஆனால் செல் மாறுபாடு இல்லாத பாரட் மாற்றம் புற்றாவது ஆண்டுக்கு ஆயிரத்தில் ஓரிருவரிடமே என்று 2011இல் டென்மார்க் தரவு காட்டியது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களையெல்லாம் சுடக் கிளம்பினால் பெரும்பாலும் வீண் வேலைதான்.

நம் பகுதியில் நோயே வேறு. இந்தியாவில் உணவுக்குழாய்ப் புற்றில் பெரும்பங்கு செதில் செல் புற்று. அதற்குக் காரணம் அமிலமன்று. புகையிலை, பாக்கு, பீடி, மது. அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1980களின் தொடக்கம் முதல் நடத்தும் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் உணவுக்குழாய் தொடர்ந்து முன்வரிசை உறுப்புகளில் ஒன்று. தமிழ்நாட்டில் 2013இல் குட்காவுக்குத் தடை வந்தது. வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொள்ளும் பழக்கம் அதனால் ஒழிந்துவிடவில்லை.

செதில் செல் முன்புற்று சாதாரண வெளிச்சத்தில் எளிதில் கண்ணில் படாது. லூகால் அயோடின் தெளித்தால் நல்ல சவ்வு பழுப்பேறும். மாறிய பகுதி வெளுத்து நிற்கும். அந்த வெளுப்பின் பொருள் கடுமையானது. சீனாவின் லின்ஷியன் வட்டாரத்தில் பதின்மூன்றரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, மிதமான மாறுபாடு உள்ளவர்களில் பாதிப்பேருக்கும், தீவிர மாறுபாடு உள்ளவர்களில் 74 விழுக்காட்டினருக்கும் புற்று வந்தது. அயோடின் விலை மலிவு. ஒவ்வாமையும் தைராய்டு நோயும் உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

இத்தகைய மாற்றத்தையும் சுடலாமே எனலாம். சீனாவில் சுட்டுப் பார்த்தார்கள்: 96 பேர் கொண்ட ஆய்வில் ஓராண்டு முடிவில் 84 விழுக்காட்டினருக்குச் சவ்வு சீரானது, ஆனால் ஐந்தில் ஒருவருக்குக் குழாய் சுருங்கியது. அதைவிடப் பெரிய சிக்கல், சுட்டபின் நோய்க்குறியியலாளர் கையில் எதுவும் மிஞ்சாது என்பது. செதில் செல் புற்று சவ்வைத் தாண்டிச் சற்று இறங்கினாலே நிணநீர்க் கணுக்களுக்குப் பரவக்கூடும். எவ்வளவு ஆழம் என்று அறியாமல் சுடுவது பந்தயம். எனவே மாறிய சவ்வை எண்டோஸ்கோப்பி வழியே உரித்தெடுத்துச் சோதிக்கும் முறையே முதல் தெரிவு. பரந்து கிடக்கும் தட்டையான மாற்றத்துக்கு மட்டும் சுடுவதைக் கருதலாம். இரண்டும் மதுரை போன்ற பெரிய மையங்களில் நடக்கட்டும்.

கண்டுபிடிப்பது ஊருக்கு அருகிலேயே நடக்க வேண்டும். 2022இல் தொடங்கிய விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி இதற்கு ஏற்ற இடம். 

எல்லோருக்கும் எண்டோஸ்கோப்பி நடவாத காரியம். 'சோறு இறங்கவில்லை' என்று வருபவருக்காகக் காத்திருப்பதும் பயனற்றது. விழுங்கச் சிரமம் தோன்றும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். 2021 முதல் வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளர்கள், நாற்பது வயது தாண்டியவர்களிடம் புகையிலையையும் குடியையும் பற்றி இரண்டு கேள்விகள் சேர்த்துக் கேட்கட்டும். இரண்டு பழக்கமும் உள்ளவர்களையும், வாய், தொண்டைப் புற்றுக்குச் சிகிச்சை பெற்றவர்களையும் அயோடின் சோதனைக்கு அனுப்பட்டும். வெப்ப அழிப்புக் கருவி வாங்குவதை அதன் பிறகு, எத்தனை பேருக்குத் தேவை என்ற கணக்கு கையில் வந்ததும் முடிவு செய்யலாம்.