புழுங்கலரிசி கற்பித்த பாடம்

எல்கடுவையின் தேயிலைச் சரிவுகளிலிருந்து வத்தேகம, கண்டி ஆகிய ஊர்களைக் கடந்து பேராதனைப் பல்கலைக்கழகத்தை அடைய அரைநாட் பயணமே போதும். உணவியலிலும் போசணையியலிலும் பட்டப்பின் ஆய்வு நடைபெறும் இடம் அது. எனினும் லயத்துக்கும் ஆய்வுகூடத்துக்கும் இடையேயுள்ள தூரம் கட்டையாற் கணிக்கத்தக்கதன்று. அதனை வரலாற்றைக் கொண்டே கணித்தல் வேண்டும்.

போசணையியல் ஒரு தனி விஞ்ஞானமாக உருப்பெற்ற கதையில் தமிழ்த் தொழிலாளிக்கும் ஓரிடம் உண்டு. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி எனும் நோய் கீழைத்தேயங்களில் ஆயிரக்கணக்கானோரை மாய்த்து வந்தது. மலாயாவிற் பணியாற்றிய வைத்தியர் பிறடன், தீட்டிய வெள்ளையரிசியை உண்ட சீனர் அந்நோய்க்கு ஆளாகப் புழுங்கலரிசியை உண்ட தமிழர் பெரும்பாலும் தப்பினர் என்பதைக் கண்டார். அரிசியில் நஞ்சொன்று உண்டாகின்றது என அவர் காட்டிய காரணம் தவறாயிற்று; ஆனால், கண்ட காட்சி தவறன்று. பின்னர் பிறேசர், ஸ்ரான்ரன் என்னும் இருவர், தெருவமைப்பில் ஈடுபட்டிருந்த ஏறத்தாழ 300 யாவாத் தொழிலாளரிடையே இதனைச் சோதித்தனர். வெள்ளையரிசி வழங்கப்பட்டோரிடையே நோய் தோன்றிற்று. அரிசியை மாற்றி வழங்கியபோது நோயும் அரிசியைப் பின்தொடர்ந்தது. 1909இல் வெளிவந்த அவ்வாய்வு, தீட்டும்போது தவிட்டுடன் நீங்கும் ஏதோவொரு சத்தின் குறைவே நோய்க்குக் காரணம் என உணர்த்திற்று. நெல்லை உமியுடன் அவிக்கும்போது தயமின் எனும் விற்றமின் அரிசியின் உட்புறத்திற் சேர்ந்து விடுவதால், தீட்டிய பின்னரும் அதிற் பெரும்பகுதி எஞ்சுகின்றது. நம் பாட்டிமார் அண்டாவில் நெல்லவித்த செயலுக்கு விஞ்ஞானம் பின்னாளில் அளித்த விளக்கம் இதுவேயாகும்.

நீலகிரித் தேயிலை மலைகளிலுள்ள குன்னூரில் மக்கரிசன் என்பார் 1918இல் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். அவ்வாய்வே வளர்ந்து போசணை ஆராய்ச்சிக்கூடமாயிற்று. 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து இன்று தேசிய போசணை நிறுவனமாக விளங்குகின்றது. பல பிரதேசத்தாரின் உணவுகளை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்த மக்கரிசன், கோதுமை, பால், காய்கறி கலந்த உணவைப் பெற்றவை செழித்ததையும், தென்னகத்து ஏழையின் அரிசியுணவைப் பெற்றவை மெலிந்ததையும் கண்டார். அரிசியைப் பழிப்பதற்கு இதிற் காரணமில்லை. அரிசியன்றி வேறெதுவும் இல்லாத தட்டே குற்றவாளியாகும்.

இலங்கையில் லூசியஸ் நிக்கல்ஸ் 1938இல் வெப்பவலயப் போசணை பற்றிய நூலை வெளியிட்டார். பேராதனை விவசாய பீடத்தின் தொடக்கம் 1947இலாகும். விவசாயப் பட்டப்பின்படிப்பு நிறுவகம் 1975இல் தோன்றிற்று. அதற்கு ஓராண்டுக்கு முன்னர், 1973–74 உணவுத் தட்டுப்பாட்டின்போது, மாவும் அரிசியும் குறைந்து தோட்டப்புறங்களில் இறப்பு வீதம் கூர்மையாக உயர்ந்திருந்தது. மேற்படிப்புக்கான வாயில் திறந்த காலமும், லயங்களில் அடுப்பு அணைந்த காலமும் இவ்வளவு அண்மையில் நின்றன என்பது சிந்திக்கற்பாலது.

அன்றைய பஞ்சம் இன்றில்லை. ஆயினும் குறை நீங்கிற்றெனக் கூறுவதற்கில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரம் பெறாதோர் நாடெங்கும் நூற்றுக்கு 17 பேராயிருக்கத் தோட்டங்களில் ஏறத்தாழ 32 பேராயினர். கோதுமை ரொட்டியும் சாயத்தண்ணீரும் சேர்ந்த காலையுணவையே எடுத்துக்கொள்வோம். தேயிலையிலுள்ள பொலிபீனோல்கள் உணவிலுள்ள இரும்புச் சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கின்றன. உலகத்துக்குத் தேயிலை கொய்து தரும் பெண்ணின் இரத்தச்சோகையை ஆராய்வோர் அவள் குவளையையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும். உண்டவுடன் குடிக்காது சற்றுப் பிந்திக் குடித்தல், ரொட்டியுடன் எலுமிச்சை அல்லது கீரை சேர்த்தல் ஆகியன அவள் வாழ்வில் இயலுமா? கொழுந்து நிறுக்கும் நேரமும் குடிநீர் எடுக்கும் தூரமும் அறிந்தவரே இவ்வினாவைச் செம்மையாக எழுப்பவியலும்.

அத்தகையோர் ஆய்வுகூடத்தில் எத்தனை பேர் என்பதே நம்முன் உள்ள வினாவாகும். தோட்டப் பாடசாலைகள் 1970களில் அரசின் பொறுப்பில் வரும்வரை பெரும்பாலும் ஆரம்ப வகுப்புகளுடனேயே நின்றன. உயர்தர விஞ்ஞானப் பிரிவோ இன்றும் தோட்டப்புறத்திற் சில பாடசாலைகளிலேயே உண்டு. அவ்வாயில் அடைபட்டிருக்கும்வரை, பட்டப்பின்படிப்பு அம்மக்களை அளந்து எழுதுமேயன்றி, அவர்கள் எழுதுவதற்கு இடமளியாது. ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் நம் மக்களின் சோற்றிலிருந்து உலகம் ஒரு பாடம் கற்றது. எல்கடுவை லயமொன்றில் பிறந்த மாணவி பேராதனையில் அமர்ந்து, தன் தாயின் அடுப்பைப் பற்றித் தானே ஆய்வேடு எழுதும் நாளில்தான் அக்கடன் தீர்ந்ததெனக் கொள்ளலாம்.