துண்டுக்குள் பேசும் விலை

கொங்கு நாட்டு மாட்டுச்சந்தைகளில் விலையை வாய்விட்டுச் சொல்வது வழக்கமில்லை. தரகர் தோள் துண்டை எடுத்துக் கையின்மேல் போடுவார். வாங்குபவரின் கை அதற்குள் நுழையும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. அது ஐந்நூறா, ஐயாயிரமா, ஐம்பதாயிரமா? எதிரே நிற்கும் மாட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கறவை வற்றிய கிழட்டுப் பசுவுக்குப் பிடித்த ஐந்து விரல் வேறு, பொலிகாளையான காங்கேயம் பூச்சிக்காளைக்குப் பிடித்த ஐந்து விரல் வேறு. என் அப்புச்சி காலத்தில் நூறாக இருந்த விரல், அப்பா காலத்தில் ஆயிரமாகி, இன்று நல்ல காளை முன்னே பத்தாயிரமாக நிற்கிறது.

வாய்ப்பேச்சும் அப்படித்தான். "சாதுங்க, குழந்தைகூடப் பிடிக்கலாம்" என்று விற்பவர் சொன்னால், ஏர் மாடு தேடி வந்தவர் அது சுணங்குமோ என்று தயங்குவார்; வீட்டுக்குக் கறவை தேடுபவர் மகிழ்வார். "துடியான மாடு" என்று தரகர் சொன்னால், முட்டுமா என்று அப்புச்சி முதலில் கேட்பார். பல்லை எண்ணி வயதையும், சுழி பார்த்து ராசியையும் தாமே உறுதி செய்துகொண்ட பிறகுதான் துண்டுக்குள் கை கொடுப்பார்.

சித்திரையில் கண்ணபுரத்திலும், ஆடியில் அந்தியூர் குருநாதசாமி பண்டிகையிலும் நான் கண்ட இந்த மறைவை வெறும் தந்திரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. கல்யாணச் செலவுக்காக அவசரமாக மாட்டை விற்க வந்தவரின் நெருக்கடி, சுற்றி நிற்கும் கூட்டத்துக்குத் தெரியாமல் போகிறது. ஆனால் இருபக்க விரலையும் அறிந்தவர் தரகர் ஒருவரே. சந்தையில் அவருடைய பலம் முழுவதும் அதில்தான் இருந்தது.