கான்டோரெக்கின் வகுப்பறைக்குப் பிறகு: ஜெர்மன் பள்ளிகளில் நாவலும் அமைதிக் கல்வியும்

எரிக் மரியா ரெமார்க் எழுதிய 'மேற்கு முனையில் புதிதாக ஒன்றுமில்லை' நாவலில் பிள்ளைகளைப் போர்முனைக்கு அனுப்பிவைப்பவர் கான்டோரெக் என்ற வகுப்பாசிரியர். அவர் பேச்சில் மயங்கி வகுப்பே பட்டாளத்தில் சேர்கிறது. 1929 ஜனவரியில் நூலாக வந்த இந்நாவலைப் பள்ளிக்கூடங்கள் எப்படி வரவேற்கும் என்ற கேள்விக்கு ஓராண்டில் விடை கிடைத்தது. 1930-இல் துரிங்கியா மாநிலத்தில் வில்ஹெல்ம் ஃபிரிக் உள்துறைக்கும் கல்விக்கும் அமைச்சரானார். மாநில அரசு ஒன்றில் நாஜிக் கட்சி பெற்ற முதல் அமைச்சர் பதவி அது. பொறுப்பேற்ற சில வாரங்களிலேயே ரெமார்க்கின் நாவலைப் பள்ளிகளிலிருந்து அவர் விலக்கினார். நூல் தீக்கு இரையானது 1933 மே மாதத்தில். வகுப்பறையிலிருந்து அதற்கு மூன்றாண்டு முன்பே அது வெளியேறிவிட்டது. தடையின் வரலாற்றை எழுதுவோர் தீயைப் பற்றியே அதிகம் பேசுகிறார்கள். கல்வித்துறைச் சுற்றறிக்கையும் அதே கவனத்துக்கு உரியது.

பிள்ளைகள் கையில் எந்தக் கதையைக் கொடுப்பது என்ற வாதம் ஜெர்மனியில் அதற்கும் பழையது. ஹாம்பர்க் ஆசிரியர் ஹைன்ரிக் வோல்காஸ்ட் 1896-இல் வெளியிட்ட நூல், அன்றைய சிறார் இலக்கியத்தின் அவலத்தைக் கண்டித்தது. தேசபக்தி, மதம், ஒழுக்கம் ஆகியவற்றைப் புகட்டுவதற்காகக் கதையைக் கருவியாக்கக் கூடாது. பிள்ளைகளுக்கான நூலும் கலைப்படைப்பாகவே இருக்க வேண்டும் என்றார் அவர். போரைப் போற்றும் கதைகளுக்கு எதிராக எழுந்த வாதம்தான். ஆனால் அதே அளவுகோலை வைத்தால் அமைதியைப் புகட்டும் கதையும் ஐயத்துக்கு உரியதாகிவிடும். பின்னால் வந்த அமைதிக் கல்வியாளர்கள் எவராலும் வோல்காஸ்டை எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

1945-க்குப் பிந்தைய தொடக்கம் யெல்லா லெப்மன் என்ற பத்திரிகையாளரிடமிருந்து வந்தது. ஷ்டுட்கார்ட்டில் யூதக் குடும்பத்தில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்து சென்றவர், போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவ நிர்வாகத்தின் ஆலோசகராகத் திரும்பினார். பெண்கள், இளையோர் நலன் அவருடைய பொறுப்பு. உணவும் கூரையும் இல்லாத பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுங்கள் என்று அவர் கேட்டது பலருக்கு விசித்திரமாகப் பட்டிருக்கும். இருபது நாடுகளுக்கு எழுதி நூல்களை நன்கொடையாகக் கேட்டார். இருமுறை ஜெர்மானியப் படையெடுப்பைக் கண்ட பெல்ஜியம் முதலில் மறுத்தது. ஜெர்மானியப் பிள்ளைகள் புதிதாகத் தொடங்கப் பெல்ஜியத்தின் நூல்களும் வேண்டும் என்று லெப்மன் மீண்டும் எழுதிய பிறகு இணங்கியது. 1946 ஜூலையில் ம்யூனிக்கின் 'கலை இல்ல'த்தில் கண்காட்சி திறந்தது. ஹிட்லர் தனக்குப் பிடித்த ஓவியங்களைக் காட்சிக்கு வைக்கக் கட்டிய மாளிகை அது. சண்டையிட மறுத்துப் பூக்களை முகர்ந்துகொண்டிருக்கும் ஃபெர்டினாண்டு என்ற காளையின் கதையைச் செய்தித்தாள் காகிதத்தில் முப்பதாயிரம் படிகள் அச்சிட்டு அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு வழங்கினார். 1949-இல் ம்யூனிக்கில் பன்னாட்டு இளையோர் நூலகம் பிறந்தது. அதே ஆண்டில், லெப்மன் தந்த யோசனையிலிருந்து எரிக் கெஸ்ட்னர் 'விலங்குகளின் மாநாடு' எழுதினார்.

நூல்கள் வந்துவிட்டன. எழுதியவரையே வகுப்புக்கு அழைத்துவரும் ஏற்பாடு 1954-இல் ஹனோவரில் ஃபிரிட்ரிக் போடெக்கர் வட்டம் தொடங்கியதும் வேர்பிடித்தது. சிறார் இலக்கியத்துக்காக உழைத்த ஆசிரியர் ஒருவரின் பெயரைத் தாங்கிய அமைப்பு இது. பள்ளிக்கும் எழுத்தாளருக்கும் நடுவில் நின்று சந்திப்புகளை ஏற்பாடு செய்வது இதன் வேலை. மாநிலம் மாநிலமாகக் கிளைவிட்டது. அமைதி இதன் அறிவிக்கப்பட்ட பாடம் அன்று. வாசிப்பை வளர்ப்பதே நோக்கம். என் கணிப்பில், அந்த அடக்கம்தான் இதற்கு வலுவாக அமைந்தது.

ஹான்ஸ் பீட்டர் ரிக்டரின் 'அப்போது ஃபிரிட்ரிக் இருந்தான்' 1961-இல் வெளிவந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் ஜெர்மன் பள்ளிகளில் மிகப் பரவலாக வாசிக்கப்பட்ட நாவல்களில் அது ஒன்றானது. ஒரே அடுக்ககத்தில் இரண்டு சிறுவர்கள் வளர்கிறார்கள். ஒருவன் யூதன், மற்றவன் பெயரில்லாத கதைசொல்லி. இருவரும் 1925-இல் பிறந்தவர்கள், ரிக்டரும் அப்படியே. அத்தியாயத் தலைப்புகளில் ஆண்டுகள் நடந்து 1942-இல் நிற்கின்றன. கதைசொல்லியின் தந்தை வேலை கிடைப்பதற்காகக் கட்சியில் சேர்கிறார். 1938 நவம்பர் கலவரத்தில் கதைசொல்லியே சுத்தியலை எடுத்துப் பொருள்களை உடைக்கிறான். அப்போது அவனுக்கு அதில் களிப்பும் இருக்கிறது. இறுதியில் குண்டுவீச்சின்போது ஃபிரிட்ரிக்குக்குப் பதுங்கறைக் கதவு திறக்கப்படுவதில்லை.

ரிக்டர் ஹிட்லர் இளைஞர் அணியில் இருந்தவர். போரில் ஒரு கையை இழந்தவர். அடுத்த ஆண்டே 'நாங்களும் இருந்தோம்' என்ற தலைப்பில் இன்னொரு நாவல் எழுதினார். பாடநூல் மௌனமாகத் தாண்டிப்போன இடத்தில், குற்றத்தில் பங்குகொண்ட தலைமுறையின் ஒருவர் தன் வயதுச் சிறுவனின் கையில் சுத்தியலைக் கொடுத்து எழுதினார். ஆயினும் இந்த வகை நூல்கள்மீது கடும் விமர்சனமும் உண்டு. இஸ்ரேலிய ஆய்வாளர் ஜோஹர் ஷாவிட், மேற்கு ஜெர்மானியச் சிறார் நூல்கள் பொதுவாக ஜெர்மானியர்களையும் பாதிக்கப்பட்டவர்களாகக் காட்டிக் கடந்தகாலத்தின் நிழலைத் துடைத்துவிடுகின்றன என்று வாதிட்டார். 'ஃபிரிட்ரிக்'கை இவ்விமர்சனத்திலிருந்து முழுதாக விடுவிக்க முடியாது. யூதக் குடும்பம் பெரும்பாலும் பொறுத்துக்கொண்டே இருக்கிறது. கொடுமையின் முகம் அடுக்ககத்தின் வீட்டுக்காரரிடமே குவிகிறது. சுத்தியல் அத்தியாயத்தை மட்டும் இந்த வாதத்தால் அசைக்க முடியவில்லை என்பது என் கருத்து.

எல்லைக்கு அப்பால், கிழக்கு ஜெர்மனியில், ப்ரூனோ ஆபிட்ஸின் 'ஓநாய்களிடையே நிர்வாணமாக' (1958) கட்டாயப் பாடமானது. ஆபிட்ஸ் புக்கன்வால்ட் முகாமில் கைதியாக இருந்தவர். கம்யூனிஸ்ட் கைதிகள் ஒரு யூதக் குழந்தையை மறைத்துக் காக்கும் கதை அது. மனிதநேயமும் பாசிச எதிர்ப்பும் தேர்வுக்கு உரிய விடைகளாயின. அதே அரசு 1978-இல் 9, 10-ஆம் வகுப்புகளுக்கு ராணுவப் பயிற்சிப் பாடத்தைப் புகுத்தியது. தேவாலயங்கள் எதிர்த்தும் கைவிடவில்லை. ஒரு பாடவேளையில் ஆபிட்ஸ், மற்றொன்றில் ராணுவம். சுவர் விழுந்த பிறகு, நாவலுக்கு அடிப்படையான உண்மை நிகழ்வின் பின்னணியில் இருந்த, ஆஷ்விட்சுக்கு அனுப்பப்படுவோரின் பெயர்ப்பட்டியல் வெளிச்சத்துக்கு வந்தது. உயிர்தப்பிய சிறுவனின் இடத்தில் வில்லி ப்ளூம் என்ற சிந்தி இனச் சிறுவன் ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டிருந்தான். நாவல் புனைவு; அதைப் பொய் என்று சொல்வதற்கில்லை. அதை ஆவணமாகப் பயிற்றுவித்ததுதான் பிழை.

குட்ரூன் பௌசெவாங் ஆசிரியராகப் பணியாற்றியவர். ஃபுல்டாவுக்கு அருகே ஷ்லிட்ஸ் என்ற சிற்றூரில் வாழ்ந்தார். சோவியத் டாங்கிகள் வந்தால் 'ஃபுல்டா இடைவெளி' எனப்பட்ட இப்பகுதி வழியேதான் வரும் என்று நேட்டோ கணக்கிட்டிருந்தது. அமெரிக்க ஏவுகணைகள் நிலைநிறுத்தப்படுவதற்கு எதிராக ஜெர்மனி கொந்தளித்த 1983-இல் அவருடைய 'ஷெவென்போர்னின் கடைசிக் குழந்தைகள்' வந்தது. அணுகுண்டுக்குப் பின் ஒரு சிற்றூரின் கதை. பிள்ளைகளை இவ்வளவு அச்சுறுத்தலாமா என்ற எதிர்ப்பு எழுந்தது. வோல்காஸ்டின் வாதம் புது உருவில் திரும்பியது என்றும் சொல்லலாம்: கலையா, எச்சரிக்கைப் பலகையா? பௌசெவாங்கின் உரைநடை பல இடங்களில் பலகைதான். ஆனால் நாவலின் இறுதிப் பகுதியில், எஞ்சிய பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் தந்தையிடம், அமைதிக்காக நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஒரு பிள்ளை கேட்கிறது. அவரிடம் விடை இல்லை. ரெமார்க்குக்கு 54 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஓர் ஆசிரியர் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார். இம்முறை அவர் குற்றம் பேசாமல் இருந்தது.

இதே வகுப்பறைகளுக்கு 1958 முதல் வேறொரு விருந்தினரும் வந்துகொண்டிருந்தார்: பாதுகாப்புக் கொள்கையை விளக்கும் ராணுவத்தின் இளையோர் அதிகாரி. ஆள்சேர்ப்பு அவருடைய வேலை இல்லை என்பது அதிகாரபூர்வ நிலை. 2008 முதல் சில மாநிலக் கல்வி அமைச்சகங்கள் ராணுவத்துடன் ஒப்பந்தமே செய்துகொண்டன. ராணுவத்தை வாசலில் நிறுத்திய பள்ளிகளுக்கு 2013-இல் ஆகென் அமைதிப் பரிசு அறிவிக்கப்பட்டபோது வாதம் சூடேறியது. அதிகாரியைத் தடுக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வருகைகளின் தன்மையில்தான் எனக்கு வேறுபாடு தெரிகிறது. அதிகாரி வரும்போது அவர் சொல்லப்போவது மாணவருக்கு முன்கூட்டித் தெரியாது. நாவலாசிரியர் வருவதற்குள் வகுப்பு அவருடைய நூலைப் படித்து முடித்திருக்கிறது. முதல் கேள்வியை மாணவர் எழுப்பலாம், அதுவும் பக்க எண்ணோடு.