அடித்த கைக்குக் கூலி

பாட்டைச் சொல்லு, எந்த இசைத்தட்டென்று சொல்றேன் என்பது ரசிகர்களின் விளையாட்டு. ‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்’ என்றதும் என்.டபிள்யூ.ஏ. குழுவின் 1988 தொகுப்பு என்பார்கள். சரிதான். அந்தப் பாட்டில் ஓடும் டிரம் அடி யாருடையது?

1969இல் வாஷிங்டனின் வின்ஸ்டன்ஸ் குழு ‘கலர் ஹிம் ஃபாதர்’ இசைத்தட்டை வெளியிட்டது. அதன் மறுபக்கத்தில் ‘ஆமென், பிரதர்’. நடுவில் மற்ற கருவிகள் அடங்க, கிரிகரி கோல்மன் என்ற கறுப்பினக் கலைஞர் தனியாக டிரம் அடித்தார். ஏழு நொடிகூட இருக்காது. ராப், ஜங்கிள் என்று ஆயிரக்கணக்கான பாடல்கள் அதை வெட்டியெடுத்து ஓட்டின.

வெட்டியவர்களில் பலரும் வசதியில்லாத கறுப்புப் பிள்ளைகள்தான். அவர்களைத் திருடர் என்று நான் சொல்ல வரலை. ஆனால் சம்பாதித்த கம்பெனிகள்? உரிமை வைத்திருந்த குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கே பல்லாண்டு எதுவும் வரலை. அடித்த கைக்கு எங்கே வரும்? கோல்மன் 2006இல் வீடில்லாமல் செத்துப்போனார். 2015இல் ரசிகர்கள் திரட்டிய சுமார் 24,000 பவுண்டு ஸ்பென்சருக்குக் கிடைத்தது. அதைப் பார்க்கக் கோல்மன் இல்லை.

இனி எந்தத் தட்டு என்று கேட்கும்போது, யார் கை என்றும் சேர்த்துக் கேட்போம்.